விட்ட தண்ணீர் எங்கே போயிற்று?

வீட்டில் குழந்தைக்கு ஜுரம் கண்டால் நெற்றியில் ஈரத் துணியைப் போடுகிறோம். போட்டதோடு நின்றுவிடுவதில்லை; ஜுரம் எதனால் வந்தது என்று வைத்தியரிடம் போய்க் கேட்கிறோம். ஆனால் மோட்டார் வண்டிக்கு ஜுரம் கண்டால் மட்டும் நமக்கு அந்த யோசனை தோன்றுவதில்லை. ஒரு குடம் தண்ணீர் விடுகிறோம். உஷ்ணமானியின் முள் இறங்குகிறது. "சரியாய்ப் போயிற்று" என்று புறப்பட்டுவிடுகிறோம். மூன்று வருஷ காலம் இந்த ஈரத் துணி வைத்தியத்தையே செய்து வந்து, கடைசியில் கப்பலூரில் ஒரு வேப்பமரத்தடியில் நாம் கற்றுக்கொண்ட பாடத்தை நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம். மோட்டார் வண்டி இல்லாதவர்களும் தாராளமாகப் படிக்கலாம். விஷயத்தில் பாதி சமையலறையைச் சேர்ந்தது.

தந்தையார் வைத்துப் போன வண்டி

'கேரவன்' என்றதும் சினிமா நட்சத்திரங்கள் படப்பிடிப்புக்கு நடுவே இளைப்பாறும் பளபளப்பான மாளிகை வண்டி நினைவுக்கு வரும். நம் வண்டி அந்த வர்க்கத்தைச் சேர்ந்ததல்ல. 1990-களில் பிறந்த டீசல் வேன் அது. நம் தந்தையார் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றதும் அதைப் பழைய விலைக்கு வாங்கினார். பின்புற ஆசனங்களைக் கழற்றிவிட்டு, இரண்டு பலகைக் கட்டில், ஓர் அடுப்பு மேடை, ஒரு தண்ணீர்த் தொட்டி எல்லாவற்றையும் தம் கையாலேயே பொருத்தினார். "இதிலேயே சமைத்துச் சாப்பிட்டு, இதிலேயே படுத்து எழுந்து, உனக்குக் கன்னியாகுமரியில் சூரியோதயம் காட்டுகிறேன்" என்று நம் தாயாரிடம் சொல்லியிருந்தார். காட்டுவதற்கு அவருக்கு ஆயுள் இல்லை.

அவருக்குப் பின் வண்டி நம் கைக்கு வந்தது. அதனுடைய உஷ்ண ரோகமும் கூடவே வந்தது. நமக்குத் தெரிந்த ஒரு பட்டறையில் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டு, "நம் ஊர் வெயிலுக்கு இது எதற்கு? இனிமேல் சூடாகாது" என்றார்கள். சில மாதம் சூடாகாமலும் இருந்தது. பிறகு மறுபடி முள் ஏறத் தொடங்கியது. வேறொரு பட்டறையில், "இஞ்சினை இறக்கிப் பார்க்க வேண்டும்" என்றார்கள். அதற்கு அவர்கள் சொன்ன தொகையைக் கேட்ட நண்பர் ஒருவர், காயலான் கடையில் வண்டிக்கு என்ன கிடைக்கும் என்று விசாரித்துக்கொண்டு வந்தார். தாயார் ஒன்றும் சொல்லவில்லை. "விற்பதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை கன்னியாகுமரிக்குப் போய் வந்துவிடலாமே" என்று மட்டும் கேட்டார்.

கப்பலூரில் கிளம்பிய ஆவி

சென்ற சித்திரை மாதக் கடைசியில், அக்கினி நட்சத்திரம் உச்சத்தில் இருந்த ஒரு நாள், மேலூர்ப் பக்கத்திலிருந்து புறப்பட்டோம். உத்தங்குடியில் சுற்றுச் சாலையைப் பிடித்து, மதுரை நகருக்குள் நுழையாமலே தெற்கே வந்தோம். நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் முள் நடுவிலேயே நின்றது. எழுபதைத் தொட்டால் மெல்ல ஏறியது. வேகத்தைக் குறைத்தால் இறங்கியது.

மதுரை நேயர்களுக்குக் கப்பலூரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறோம்: சுற்றுச் சாலை வந்து பெரிய ரஸ்தாவில் சேரும் இடம் அது. காஷ்மீரத்தில் ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி வரை ஓடும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலைதான் அந்த ரஸ்தா. ஒரு பக்கம் தியாகராஜர் மில், மற்றொரு பக்கம் சிட்கோ தொழிற்பேட்டை, சிறிது தூரத்தில் சுங்கச்சாவடி, அதற்கப்பால் திருமங்கலம். சுங்கச்சாவடி வரிசையில் நின்று நின்று நகரும்போது முள் விறுவிறுவென்று சிவப்புக் கோட்டை நோக்கிப் போயிற்று. முன்புறத்து மூடியின் இடுக்கிலிருந்து ஆவி கிளம்பியது. அக்கம் பக்கத்து வண்டிக்காரர்கள் இறங்கி வந்து, நம் வண்டியை ஓரமாகத் தள்ளி வேப்பமர நிழலில் சேர்த்தார்கள்.

மதுரைச் சீமையில் சித்திரை வெயிலுக்குத் தண்ணீர்ப் பந்தல் வைப்பது வழக்கம். கேட்காமலே தண்ணீர் கொடுப்பதில் நம் ஜனங்களுக்கு இணை கிடையாது. இரண்டே நிமிஷத்தில் மூன்று குடம் தண்ணீர் வந்து சேர்ந்தது. லாரியிலிருந்து இறங்கிய இளைஞர் ஒருவர், ஈரச் சாக்கைக் கையில் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியைத் திருகப் போனார். அவருடைய முகம் மூடிக்கு நேராக ஒரு முழ தூரத்தில் இருந்தது.

"தம்பி, கையை எடு!" என்று ஓர் அதட்டல் கேட்டது. அதட்டியவர் நம் தாயார். "குக்கர் கொதிக்கும்போது மூடியைத் திறப்பார்களா? விசில் அடங்கட்டும்."

இளைஞர் கையை எடுத்துவிட்டார். அன்று அவருடைய கண்ணும் முகமும் தப்பியது அந்த ஒரு வார்த்தையால்தான்.

குக்கரும் ரேடியேட்டரும்

தாயார் சொன்னது வெறும் உவமையல்ல. பௌதிக சாஸ்திரப்படி முழு உண்மை. சாதாரணமாகத் தண்ணீர் 100 டிகிரி சென்டிகிரேடில் கொதிக்கிறது. மூடிய பாத்திரத்தில் அழுத்தத்தை ஏற்றினால் அது கொதிக்கும் நிலையும் ஏறுகிறது. குக்கரில் அரிசி சீக்கிரம் வேகும் ரகசியம் இதுவே. ரேடியேட்டர் மூடியிலும் குக்கரைப் போலவே ரப்பர் வளையம் ஒன்றும், அழுத்தம் மிஞ்சினால் வழிவிடும் வில் ஒன்றும் உண்டு. வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் 0.9 பார் அளவு அழுத்தத்தைத் தாங்கும் மூடியாயிருந்தால், உள்ளே தண்ணீர் சுமார் 118 டிகிரி வரை கொதிக்காமலே இருக்கும். அந்த நிலையில் மூடியைத் திறந்தால் அழுத்தம் ஒரே கணத்தில் விழுகிறது. உள்ளே இருக்கும் நீரில் ஒரு பங்கு அப்போதே ஆவியாகப் பொங்கி, மீதித் தண்ணீரைத் திறப்பவர் முகத்தில் வீசியடிக்கிறது. ஈரச் சாக்கு இதற்குக் கவசம் ஆகாது.

காத்திருந்த நேரத்தில் தொழிற்பேட்டைப் பக்கத்திலிருந்து வயதான மெக்கானிக் ஒருவரை அழைத்து வந்தார்கள். அவர் வந்ததும் கருவிப் பெட்டியைத் திறக்கவில்லை. மரத்தடியில் உட்கார்ந்து கேள்வி கேட்க ஆரம்பித்தார்.

"நிற்கும்போது சூடாகிறதா, ஓடும்போதா?"

"இரண்டிலும்தான். நிதானமாய் ஓடினால் மட்டும் இல்லை."

"தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒரு முறை விடுகிறீர்கள்?"

"வாரத்துக்கு ஒரு முறை இரண்டு செம்பு விடுவோம்."

"வண்டி நிற்கும் இடத்தில் தரை நனைந்திருக்குமா?"

"இல்லை."

இந்த இடத்தில் தாயார் குறுக்கிட்டார். "மூன்று வருஷமாக வாரம் இரண்டு செம்பு! விட்ட தண்ணீர் எங்கே போயிற்று என்று ஒருவரும் கேட்கவில்லையா?"

பெரியவர் சிரித்தார். "அம்மா, நான் கேட்க வந்ததும் அதைத்தான்" என்றார்.

பெரியவர் சொன்ன நிதானம்

இஞ்சின் குளிரும் வரையில் அவர் நமக்குச் சொல்லிக் கொடுத்ததை இங்கே சுருக்கித் தருகிறோம்.

டீசலின் உஷ்ணத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே சக்கரத்தை ஓட்டப் பயன்படுகிறது. இன்னொரு பங்கு புகையோடு போகிறது. மிச்சத்தில் பெரும் பகுதியைத் தண்ணீர் சுமந்து கொண்டுபோய் ரேடியேட்டரில் காற்றிடம் ஒப்படைக்க வேண்டும். ஆகவே தண்ணீர் போதிய அளவு இருக்க வேண்டும், அது ஓட வேண்டும், காற்றும் வீச வேண்டும். இம்மூன்றில் எது குறைகிறது என்பதை, வண்டி எப்போது சூடாகிறது என்பதைக் கொண்டே பெரும்பாலும் கண்டுவிடலாம்.

நிற்கும்போது மட்டும் முள் ஏறி, ஓடினால் இறங்குமானால் காற்றுக் குறைவு. விசிறி, விசிறியின் பெல்ட், விசிறியைச் சுற்றியுள்ள கூடு இவற்றைப் பார்க்க வேண்டும். நிற்கும்போது சரியாயிருந்து, வேகத்திலும் ஏற்றத்திலும் மட்டும் ஏறினால் நீரோட்டக் குறைவு. பம்பு தேய்ந்திருக்கலாம், கீழ் ரப்பர்க் குழாய் நைந்து, பம்பு இழுக்கும்போது சப்பிப்போகலாம், ரேடியேட்டர் பாதி அடைத்திருக்கலாம். அடைப்பு முற்றிவிட்டால் நின்றாலும் ஏறும், விரைந்தாலும் ஏறும். நிதானமாகப் போகும்போது மட்டும் தாக்குப் பிடிக்கும். குளிர்ந்த இஞ்சினைக் கிளப்பிய சில நிமிஷத்துக்குள்ளேயே கொதித்தால் தண்ணீர் அடியோடு இல்லை, அல்லது தெர்மோஸ்டாட் மூடியபடியே சிக்கிக்கொண்டது, அல்லது சிலிண்டர் ஹெட் கேஸ்கட் போயிற்று என்று சந்தேகிக்க வேண்டும்.

கேஸ்கட் போனதற்கு அடையாளங்கள் உண்டு. ரேடியேட்டருக்குள் ஓயாமல் குமிழி கிளம்பும். புகை வெள்ளையாக வரும். எண்ணெய் பால் கலந்த காப்பியின் நிறத்துக்கு மாறும். இவற்றில் ஒன்றையும் பாராமல் இஞ்சினை இறக்கச் சொல்வது, நாடி பிடிக்காமல் ரண சிகிச்சைக்கு நாள் குறிப்பது போலாகும்.

மற்றொன்றும் சொன்னார். "முதலில் முள்ளையே சந்தேகியுங்கள்." பழைய வண்டிகள் சிலவற்றில் டீசல் முள்ளும் உஷ்ண முள்ளும் ஒரே மின்சாரச் சீராக்கியிலிருந்து ஓடும். அது கெட்டால் இரண்டும் ஒன்றாக ஏறும். இஞ்சின் என்னவோ சுகமாகவே இருக்கும்.

வளையம் ஒன்றால் வந்த வினை

ஒரு மணி நேரம் கழித்துப் பெரியவர் மூடியைக் கையால் தொட்டுப் பார்த்து, மெல்லத் திறந்து, தாயாரிடம் நீட்டினார். அடியிலிருந்த ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருந்தது. வில்லும் தளர்ந்திருந்தது. அங்கேதான் நம் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது! வண்டி ஓடும்போது சூடேறி விரிந்த நீர், அழுத்தம் தாங்காத மூடியைத் தாண்டி, வழிகுழாய் மூலம் ரஸ்தாவிலேயே சிந்திவிடும். வீட்டு வாசலில் ஒரு சொட்டும் விழாது. நாமோ குறைந்ததைக் கிணற்றடிக் குழாயிலிருந்து நிரப்பிக்கொண்டே இருந்தோம்.

அது ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணீர். வெந்நீர்ப் பானையின் அடியில் வெள்ளையாகப் படியும் உப்பை எல்லாத் தாய்மார்களும் பார்த்திருப்பார்கள். கடின நீரைச் சூடாக்கினால் அதில் கரைந்திருந்த சுண்ணம் பிரிந்து படிகிறது. அதே படிவு நம் ரேடியேட்டரின் குழல்களுக்குள் மூன்று வருஷமாக ஏறிக்கொண்டிருந்தது. வெப்பத்தைக் கடத்துவதில் செம்புக்குள்ள திறமையில் நூற்றில் ஒரு பங்குகூட இந்தச் சுண்ணத்துக்குக் கிடையாது. மூடியைத் திறந்த இடத்திலேயே வெள்ளைப் பொருக்குத் தெரிந்தது. தண்ணீரை நிரப்பி இஞ்சினைச் சற்று ஓடவிட்டு நிறுத்தியபின் தொட்டுப் பார்த்தால், ரேடியேட்டரின் மேல் பாகம் சுட்டது. நடுவிலே இரண்டு இடம் குளிர்ந்தே கிடந்தது. சுடுநீர் அங்கே எட்டவே இல்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

ஆக, கெட்டது ஒரு ரப்பர் வளையம். அதனால் தண்ணீர் போயிற்று. போன தண்ணீருக்கு ஈடாக உப்பு நீர் வந்தது. உப்பு நீரால் குழல்கள் அடைத்தன. அடைத்ததால் இஞ்சின் கொதித்தது. கொதித்ததைக் கண்டு இஞ்சினையே விற்கப் போனோம்!

தெர்மோஸ்டாட்டைக் கழற்றிய கதைக்கும் பெரியவர் விளக்கம் சொன்னார். அது இஞ்சின் குளிர்ந்திருக்கும்போது நீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுத்து, ஏறக்குறைய 80 அல்லது 85 டிகிரிக்கு வந்ததும் வழி திறக்கும் வாயிற்காவலன். அது இல்லாவிட்டால் இஞ்சின் தக்க சூட்டுக்கு வர நெடுநேரம் ஆகும். எரிபொருள் சரியாக எரியாது. சிலிண்டர் சீக்கிரம் தேயும். அதைவிட வேடிக்கை, பல இஞ்சின்களில் சூடேறியதும் குறுக்கு வழியை அடைப்பதும் அதே தெர்மோஸ்டாட்தான். அதைக் கழற்றிவிட்டால் குறுக்கு வழி எப்போதும் திறந்தே இருக்கும். நீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்குப் போகாமலே இஞ்சினைச் சுற்றி வரும். குளிர்ச்சிக்காகச் செய்த காரியம் வெயில் காலத்தில் சூட்டையே கூட்டிவிடும்.

இது தண்ணீர் வைத்தியம் செய்பவர்களை மட்டும் குறை சொல்வதற்கல்ல. மோட்டார் வண்டி பிறந்ததே தண்ணீர் குடித்துக்கொண்டுதான். 1888-ஆம் வருஷம் ஜெர்மனியில் பெர்த்தா பென்ஸ் என்னும் மாது, கணவரிடம் சொல்லாமலே அவர் செய்த வண்டியில் இரண்டு புதல்வர்களை ஏற்றிக்கொண்டு மான்ஹைமிலிருந்து ஃபோர்ஸ்ஹைமுக்குப் போனார். தூரம் நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். அந்த வண்டி தண்ணீரை ஆவியாக்கியே குளிர்ந்தது. ஆகையால் வழியெல்லாம் நிறுத்தி நிறுத்தித் தண்ணீர் ஊற்ற வேண்டியிருந்தது. 1900-ஆம் வருஷ வாக்கில் மேபாக் என்பவர் தேன்கூட்டு ரேடியேட்டரைச் செய்தபின், ஒரே தண்ணீரைத் திரும்பத் திரும்பக் குளிர்விக்க வழி பிறந்தது. நம் மதுரையில் டி. வி. சுந்தரம் ஐயங்கார் 1911-ல் தம் மோட்டார் தொழிலைத் தொடங்கினார். அந்தக் காலத்திலிருந்தே மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவது போல பஸ்ஸுக்கும் தண்ணீர் காட்டும் பழக்கம் நம்மிடம் படிந்துவிட்டது. காலம் மாறியது, பழக்கம் மாறவில்லை. மூடி சரியாயிருக்கும் வண்டிக்கு வாராவாரம் தண்ணீர் தேவையே இல்லை. தேவைப்பட்டால் எங்கோ குற்றம் இருக்கிறது என்று அர்த்தம்.

அடுப்பங்கரைப் பரீட்சை

அன்று இரவு கப்பலூரிலேயே தங்கினோம். வீட்டையே முதுகில் சுமக்கும் வண்டி என்பதால் படுக்கைக்கும் சாப்பாட்டுக்கும் குறைவில்லை. மறுநாள் பெரியவர் ரேடியேட்டரைக் கழற்றி, மேல் தொட்டியின் ஈயப் பற்றை உருக்கித் திறந்து, தட்டைக் கம்பி விட்டுக் குழல்களை ஒவ்வொன்றாகச் சுத்தம் செய்தார். இலைகளுக்கு நடுவே அடைத்திருந்த பூச்சிகளையும் புழுதியையும், இஞ்சின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக நீரடித்துக் கழுவினார். எதிர்ப்பக்கமாக அடித்தால் அழுக்கு இன்னும் உள்ளே போய்ச் செருகிக்கொள்ளுமாம்.

புதிய தெர்மோஸ்டாட்டைப் பொருத்துவதற்கு முன் நம் அடுப்பு மேடையிலேயே பரீட்சை நடந்தது. பாத்திரத்து நீரில் அதை நூலால் கட்டித் தொங்கவிட்டு, பக்கத்தில் உஷ்ணமானியை வைத்துச் சூடேற்றினார் தாயார். 80 டிகிரியைத் தாண்டிச் சற்று நேரத்தில் அது பூ மலர்வது போல மெல்லத் திறந்தது. "அப்பத்தா, திறந்துவிட்டது!" என்று குழந்தைகள் கை தட்டினார்கள். அடுப்பை அணைத்ததும் மறுபடி மூடிக்கொண்டது. எந்த வீட்டிலும் செய்யக்கூடிய பரீட்சை இது; புதிதாக வாங்கியதையும் பரீட்சித்த பிறகே மாட்ட வேண்டும். கடைசியாகப் புதிய மூடி வந்தது. தண்ணீருக்குப் பதில், காய்ச்சி வடித்த நீரில் பாதிக்குப் பாதி கலந்த கூலண்ட் விடப்பட்டது. அது கொதிநிலையை உயர்த்துவதோடு துருவையும் தடுக்கும். ஆனால் குடித்தால் விஷம். தித்திப்பாக இருப்பதால் குழந்தைகளுக்கும் வளர்ப்புப் பிராணிகளுக்கும் எட்டாமல் வைக்க வேண்டும்.

நேயர்களுக்கு வழியில் இந்தச் சங்கடம் நேர்ந்தால் செய்ய வேண்டியது இதுதான். முள் ஏறத் தொடங்கியதும் ஏ.ஸி.யை அணைத்து, வேகத்தைக் குறைத்து, நிழலில் நிறுத்துங்கள். ஆவி கிளம்பினால் இஞ்சினை உடனே அணைத்துவிடுங்கள். மூடியைக் குறைந்தது ஒரு மணி நேரம் தொடாதீர்கள். சுடும் இஞ்சினில் குளிர்ந்த நீரைக் கொட்டாதீர்கள். சிலிண்டர் ஹெட் வெடித்துவிடும். தண்ணீர் விட்டு வீடு சேர்ந்தாலும் அதோடு மறந்துவிடாதீர்கள்.

மூன்றாம் நாள் அதிகாலையில் புறப்பட்டோம். விருதுநகர், சாத்தூர், கோவில்பட்டி எல்லாம் கடந்தன. எழுபதிலும் முள் நடுவை விட்டு அசையவில்லை. திருநெல்வேலிக்குத் தெற்கே காற்றாலைகள் சுழலும் வெளியில் எதிர்காற்றிலும் அசையவில்லை. அதற்கு மறுநாள் காலை தந்தையார் செய்த பலகைக் கட்டிலில் உட்கார்ந்தபடியே, பின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, தாயார் கடலில் சூரியன் எழுவதைப் பார்த்தார். வெகு நேரம் பேசவில்லை. காயலான் கடை விலையைப் பற்றி அதற்குப் பிறகு வீட்டில் ஒருவரும் பேசவில்லை.

ஊர் திரும்பியதும் தாயார் செய்த முதல் காரியம், சமையலறைக்குப் போய்க் குக்கர் மூடியின் ரப்பர் வளையத்தைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தது. அதிலும் ஒரு வெடிப்பு இருந்தது! "ஊருக்கு உபதேசம் சொன்னேன், என் வீட்டில் பார்க்கவில்லை" என்று சொல்லி, அன்று மாலையே புதிது வாங்கிவரச் செய்தார்.